வீட்டுத் தோட்டம்: உப்புத் தண்ணீருக்கு அஞ்சாத அரளி

"ஆசையாக ரோஜா வைத்தேன், இலை ஓரமெல்லாம் கருகிப் பட்டுப்போய்விட்டது" என்று அங்கலாய்க்கும் சகோதரியா நீங்கள்? உங்கள் கைராசியை நொந்துகொள்ளாதீர்கள். ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு வாய் ஊற்றிப் பாருங்கள். உப்புக் கரித்தால் குற்றவாளி அதுதான். மண்ணில் உப்பு ஏறிவிட்டால், பக்கத்தில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. செடி தாகத்தில் வாடுகிறது. நாமோ மேலும் அதே தண்ணீரை ஊற்றுகிறோம்!

திருச்சியில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஏற்ற செடி அரளி. கடலோரத் தோட்டங்களில் உப்புக் காற்றையே தாங்கி, ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கிற செடி அது. அதன் இலை தோல்போலத் தடித்தது. இலையின் அடிப்பக்கத்தில் நுண்ணிய குழிகள் உண்டு; ரோமம் அடர்ந்த அக்குழிகளுக்குள்ளே சுவாசத் துளைகள் ஒளிந்திருப்பதால் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது நெடுஞ்சாலையின் நடுவே பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்களே! ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூக்கடைகளுக்கும் அரளி புதிதல்ல.

வளர்க்கும் முறை சுலபம். முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும் வரை காவிரித் தண்ணீரே ஊற்றுங்கள். இளங்கன்றுக்கு உப்பைத் தாங்கும் வலு கிடையாது. ஐப்பசி மழையில், நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து, நாலைந்து அடி இடைவெளியில் நடலாம். பிறகு உப்புத் தண்ணீர் விடுவதானால், தினம் ஒரு செம்பு தெளிக்காமல் சில நாளைக்கு ஒரு முறை வேரடி நனைய ஊற்றுங்கள். தெளித்தால் உப்பு மேலேயே தங்கிவிடும். மாடியில் விழும் மழைநீரையும் பாத்திக்குத் திருப்பிவிட்டால், சேர்ந்த உப்பு கீழே இறங்கிவிடும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கத்தரியுங்கள்; புதுத் துளிரில்தான் பூ வரும்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். ஆடு மாடு அரளியைத் தொடாததற்குக் காரணம் அதன் விஷம். இலை, பூ, தண்டு, பால், வேர் எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும். 2024 மே மாதத்தில் கேரளத்தில் ஓர் இளம் பெண்ணின் மரணத்துக்கு அரளியே காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதன்பின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தியது. நம் வீட்டிலும் சுவாமி படத்துக்கு அரளி சாத்தலாம். நைவேத்தியத் தட்டில் மட்டும் வேண்டாம்.

கிணறு, தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தொழுவம் அருகே நடாதீர்கள். வெட்டிய கிளைகளை அடுப்பில் எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தை இலையையோ பூவையோ மென்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று கை வைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எதையும் வாயில் வைக்கும் பருவத்தில் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் இப்போதைக்குக் காகிதப்பூ வையுங்கள். அதுவும் உப்பை ஓரளவு தாங்கும். முள் உண்டு, அரளியின் விஷம் இல்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, சொன்னால் கேட்கும் வயது வந்தபின் அரளிக்கு இடம் கொடுக்கலாம். அரளி எங்கே போய்விடப்போகிறது?