ஓபியாய்டு சார்புக்கான மருந்துகள்: நலாக்சோனுடன் சிகிச்சை முடிவதில்லை

ஓபியாய்டு மிகைநுகர்வால் நின்றுபோகும் மூச்சை மீட்பது நலாக்சோன். அதன் 4 மி.கி. மூக்குத் தெளிப்பானை மருத்துவரின் சீட்டு இன்றி விற்க, 2023 மார்ச் 29 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. நீண்டகாலச் சிகிச்சைக்கான புப்ரினார்பினை எழுதித் தர மருத்துவர்கள் பெறவேண்டியிருந்த தனி அனுமதி, 2022 டிசம்பரிலேயே அங்கு நீக்கப்பட்டது. அந்நாட்டில் 2023இல் சுமார் 1,10,000 ஆக இருந்த மிகைநுகர்வு மரணங்கள், முதற்கட்ட மதிப்பீட்டின்படி 2024இல் சுமார் 80,000 ஆகக் குறைந்தன. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. நலாக்சோன் பரவலாகக் கிடைப்பது அவற்றுள் ஒன்று. எனினும், இவ்விரு மருந்துகளின் பணிகள் வெவ்வேறானவை என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

நலாக்சோன் என்ன செய்கிறது?

ஹெராயின், மார்பின், வலிநிவாரணி மாத்திரையான டேபென்டடால் போன்ற ஓபியாய்டுகள், அளவு மிகும்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். நலாக்சோன் சில நிமிடங்களில் மூச்சை மீட்கிறது. ஆனால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்களே நீடிக்கும். அதன் பின்னும் உடலில் எஞ்சியுள்ள போதைப்பொருள் மீண்டும் மூச்சைத் தடுக்கலாம். எனவே, நோயாளி கண்விழித்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மது, தூக்க மாத்திரை ஆகியவற்றின் போதையை இம்மருந்து நீக்காது.

நீண்டகாலச் சிகிச்சை

மெத்தடோன், புப்ரினார்பின் ஆகிய இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளன. இவை உடல்வேதனையையும் போதை வேட்கையையும் தணிக்கின்றன. நால்ட்ரெக்சோன் ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும். ஆனால் 7 முதல் 10 நாள்கள் ஓபியாய்டு எதுவும் எடுக்காதிருந்த பின்னரே அதைத் தொடங்க இயலும்.

“ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்று பலர் தயங்குகின்றனர். மருத்துவர் நிர்ணயித்த அளவில் இம்மருந்துகளை உட்கொள்பவர் போதையில் மிதப்பதில்லை. வேலைக்குச் செல்லவும் குடும்பத்தைக் கவனிக்கவும் அவரால் இயலும். மாறாக, உறவினரின் வற்புறுத்தலால் மருந்தைத் திடீரென நிறுத்துவதே பேராபத்து. இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. பின்னர் ஒருவர் பழைய அளவிலேயே போதைப்பொருளை எடுத்தால், அதுவே உயிரைப் பறிக்கக்கூடும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ திரும்பிய முதல் சில வாரங்களில் இந்த அபாயம் மிக அதிகம்.

பராமரிப்பாளர்கள் செய்ய வேண்டியவை

• மெதுவான மூச்சு, நீலம் பாய்ந்த உதடுகள், ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, தட்டியும் எழாத மயக்கம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.
• இந்தியாவில் நலாக்சோன் பெரும்பாலும் மருத்துவமனைகளில் ஊசியாகவே அளிக்கப்படுகிறது. எனவே தாமதமின்றி 108ஐ அழைக்கவும்.
• மூச்சு இருப்பின் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், தனியே விடாதீர்கள்.
• மருந்தின் அளவைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே செய்யவும்.
• சிகிச்சை ஆலோசனைக்கு 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணைத் தொடர்புகொள்ளவும்.