லிகமெண்ட் கிழிந்தால் பெப்டைட் ஊசியா?

"என் மகள் கல்லூரி கபடி டீமில் ஆடுகிறாள். போன மாதம் கணுக்கால் பிசகி, லிகமெண்ட் கொஞ்சம் கிழிந்துவிட்டது. சீக்கிரம் ஆறும் என்று சிநேகிதி சொன்னாளாம். ‘பெப்டைட்’ ஊசி மருந்தைத் தபாலில் வரவழைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள். போட்டுக்கொள்ளலாமா?" என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா! காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பெப்டைட் என்றதும் ஏதோ விஷம் என்று பயப்படாதீர்கள். பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம், அமினோ அமிலம் என்கிற மணிகளைக் கோத்த நீண்ட மாலை. பெப்டைட் அதே மணிகளாலான சின்னச் சரம். சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின்கூட 51 மணிகள் கொண்ட பெப்டைடுதான். 1922-லிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. எலும்பு மெலிவு நோய்க்கான டெரிபாரடைட், 34 மணிச் சரம். 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவையெல்லாம் மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தவை.

காயத்துக்கென்று தபாலில் வருகிற ‘பிபிசி-157’ அந்த ரகமல்ல. இரைப்பை நீரிலுள்ள ஒரு புரதத்தை ஒட்டிச் செய்த 15 மணிச் சரம் இது. எலிகளுக்குத் தசையும் நாணும் சீக்கிரம் கூடின என்பது வாஸ்தவம். புது ரத்தக் குழாய்கள் முளைக்க இது உதவுகிறது என்கிறார்கள். ஆனால் புற்றுநோய்க் கட்டிகளும் புது ரத்தக் குழாய்களைக் கொண்டுதானே வளர்கின்றன? அதனால்தான் பெரிய அளவில் மனிதர்களிடம் சோதிக்காமல் நம்பக்கூடாது. அத்தகைய சோதனை இதற்கு நடக்கவில்லை.

குப்பியின் லேபிளைப் படித்துப் பாருங்கள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டே பல கம்பெனிகள் விற்கின்றன. உள்ளே இருப்பதன் சுத்தத்துக்கும் அளவுக்கும் யார் பொறுப்பு? இன்னொன்று, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022-ல் இதைத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்தது. சோதனையில் அகப்பட்டால் உங்கள் பெண்ணின் ஆட்டமே போய்விடும்.

அப்படியானால் என்னதான் செய்வது? கிழிந்த லிகமெண்டை உடம்பே தைத்துக்கொள்ளும். முதல் சில நாட்கள் வீக்கம்; பிறகு சில வாரங்கள் கொலாஜன் என்கிற புது நார் பின்னும் வேலை; அது முறுக்கேறப் பல மாதங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். வலி குறைந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருகிற பயிற்சிகளை, முக்கியமாக ஒற்றைக் காலில் நின்று பழகுவதை, ஒரு நாளும் விடக்கூடாது. கொலாஜன் உருவாக வைட்டமின் ‘சி’ வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் கொடுங்கள். தினமும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று வீட்டு வழக்கப்படி புரதம் சேரட்டும்.

பெண்ணைக் கோபிக்க வேண்டாம். ஆட்டத்துக்குத் திரும்பும் ஆசையில் வாங்கிவிட்டாள். குப்பியோடு அவளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எப்போது மைதானத்தில் இறங்கலாம் என்று அவரே சொல்லட்டும்.