போவது சரி, எங்கே போவது?

பல நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டு அமைக்கின்றன. அதில் ஒரு நாட்டுக்குக் கூட்டு பிடிக்கவில்லை. விலகலாமா? கூடாதா?

பிரிட்டனிலே இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு சண்டை மூட்டியது. தாத்தா "விலகு" என்றார். பேத்தி "இரு" என்றாள். பெரும்பாலும் வயதானவர்கள் ஒரு பக்கம், இளையவர்கள் மறு பக்கம்.

2016-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி ஓட்டுப் போட்டார்கள். "ஐரோப்பிய யூனியனில் இருந்து விலக வேண்டும்" என்று 1 கோடியே 74 லட்சம் பேர் சொன்னார்கள். "இருக்க வேண்டும்" என்று 1 கோடியே 61 லட்சம் பேர் சொன்னார்கள். நூற்றுக்கு 52, நூற்றுக்கு 48. 2020-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு 11 மணிக்குப் பிரிட்டன் வெளியே வந்தது.

வெளியே வந்தும் சண்டை ஓயவில்லை. விலகியது சரியா, தவறா என்று இன்னும் பேசுகிறார்கள்.

என் கருத்து இது: விலக நினைத்தது குற்றம் அல்ல. நம்மை நாமே ஆள வேண்டும் என்று ஒரு நாட்டு மக்கள் நினைத்தால், அதை நாம் கேலி செய்யலாமா? அந்த அருமை நமக்குத் தெரியும். ஆனால், "போகலாமா?" என்று மக்களைக் கேட்டவர்கள், "எங்கே போகிறோம்?" என்று சொல்லவில்லை. அதுதான் குற்றம்.

என்ன கூட்டு இது?

இரண்டு உலகப் போர்களில் ஐரோப்பா சுடுகாடு ஆயிற்று. "இனி நமக்குள் சண்டை வேண்டாம். வியாபாரத்தைச் சேர்ந்து நடத்துவோம்" என்று 1957-ல் ரோம் நகரில் 6 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அந்தக் கூட்டு வளர்ந்து, இன்று 27 நாடுகள் இருக்கின்றன.

ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்குப் போனால் சுங்க வரி இல்லை. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டிலே வேலை பார்க்கலாம். அதற்குப் பதிலாக எல்லோரும் பணம் கட்ட வேண்டும். பொதுவான சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும்.

பிரிட்டன் முதலில் சேரவில்லை. 1961-ல் சேர மனுப் போட்டது. பிரெஞ்சு ஜனாதிபதி டிகால் "முடியாது" என்று சொல்லிவிட்டார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை! கடைசியில் 1973-ல்தான் இடம் கிடைத்தது. 1975-ல் மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 67 பேர் "இருக்கலாம்" என்றார்கள்.

அப்படிச் சேர்ந்தவர்களுக்குப் பிறகு ஏன் கசந்தது?

சட்டம் பிரஸ்ஸல்ஸ் நகரிலே எழுதப்படுகிறது, எழுதுகிறவரை நாம் மாற்ற முடியவில்லை என்ற கோபம் ஒன்று. 2004-ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்ததும், அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்தார்கள் என்ற பயம் ஒன்று. நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் தளமும் மூடப்பட்டு, வேலை போன ஊர்களின் வயிற்றெரிச்சல் ஒன்று. இவற்றில் எதுவும் பொய் அல்ல.

பொய் வேறு இடத்தில் இருந்தது. விலகச் சொன்னவர்கள் ஒரு சிவப்புப் பஸ்ஸை ஊர் ஊராக ஓட்டினார்கள். "வாரத்துக்கு 35 கோடி பவுண்டு யூனியனுக்கு அனுப்புகிறோம். அதை நம் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்போம்" என்று அதில் எழுதியிருந்தது. பிரிட்டனுக்குத் தள்ளுபடி உண்டு. அது கழிந்து போனது சுமார் 25 கோடிதான். அதிலும் ஒரு பங்கு விவசாயிகளுக்கும் பின்தங்கிய ஊர்களுக்கும் திரும்பி வந்தது. கடையிலே 350 ரூபாய்ப் புடவையைத் தள்ளுபடியில் 250-க்கு வாங்கிவிட்டு, வீட்டில் வந்து "350 கொடுத்தேன்" என்று சொல்வதற்கு என்ன பெயர்?

இருக்கச் சொன்னவர்களும் யோக்கியர்கள் அல்ல. "விலகினால் உடனே வேலை போகும், வரி கூடும்" என்று பயமுறுத்தினார்கள். ஓட்டுப் போட்ட மறுநாளே வானம் இடிந்து விழவில்லை.

கிரிம்ஸ்பி ஊர் மீன்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே கிரிம்ஸ்பி என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பெயர் வாங்கிய ஊர். பிறகு படகுகள் குறைந்தன. பிழைப்புக் கெட்டது. 2016-ல் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு 70 பேர் "விலகு" என்றார்கள். "நம் கடல் நமக்கு" என்பது அவர்கள் கோஷம்.

கிரிம்ஸ்பி படகுகள் எங்கே போய் மீன் பிடித்தன? பெரும்பாலும் தூரத்திலே, ஐஸ்லாந்துக் கடலிலே! 1975-ல் ஐஸ்லாந்து, "கரையில் இருந்து 200 மைல் வரை எங்கள் கடல்" என்று சொல்லிவிட்டது. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பிப் பார்த்தது. 1976-ல் விட்டுக் கொடுத்தது. கிரிம்ஸ்பியின் முதுகெலும்பு அப்போதே முறிந்தது. ஐஸ்லாந்து யூனியனில் இல்லை. ஆக, பெரிய அடி யூனியன் கொடுத்தது அல்ல. பிரிட்டன் கடலிலே பிரெஞ்சுப் படகுகளும் டச்சுப் படகுகளும் பங்கு கேட்டது அதற்கு மேல் விழுந்த அடி.

இன்று கிரிம்ஸ்பியில் சோறு போடுவது மீன் பதனிடும் ஆலைகள். அவற்றுக்கு மீன் பெரும்பாலும் ஐஸ்லாந்தில் இருந்தும் நார்வேயில் இருந்தும் வருகிறது.

விலகிய பிறகு நடந்தது என்ன? யூனியன் படகுகளின் பங்கிலே நாலில் ஒரு பங்கைச் சிறிது சிறிதாகப் பிரிட்டனுக்குக் கொடுப்பது என்று 2020-ல் பேசி முடித்தார்கள். "எல்லாம் நமக்கே" என்று நம்பியவர்களுக்கு நாலில் ஒன்று! 2021-ல், பல இடங்களில் பிடித்த உயிருள்ள சிப்பிகளை யூனியன் நாடுகள் வாங்க மறுத்தன. அங்கேதான் அவற்றுக்குப் பெரிய சந்தை. 2025 மே மாதம் புதிய உடன்பாடு வந்தது. யூனியன் படகுகள் 2038 வரை பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கலாம்.

மீனைப் பிடித்தால் போதாது, விற்க வேண்டும். விற்கும் சந்தை யாரிடம் இருக்கிறது என்று அந்த மீனவர்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா?

அயர்லாந்து எல்லை

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அயர்லாந்து ஒரு தீவு. அதன் வடக்குப் பகுதி பிரிட்டனைச் சேர்ந்தது. மற்றது தனி நாடு, யூனியனில் இருக்கிறது. நடுவிலே சுமார் 500 கிலோ மீட்டர் எல்லை. 200-க்கு மேற்பட்ட சாலைகள் அந்த எல்லையைக் கடக்கின்றன. ஒரே விவசாயியின் வயல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும்.

1960-களின் கடைசியில் இருந்து 30 ஆண்டு அங்கே ரத்தம் ஓடியது. சுமார் 3,500 பேர் செத்தார்கள். எல்லையிலே ராணுவக் கோபுரங்கள் நின்றன. 1998-ல் சமாதானம் ஏற்பட்டது. கோபுரங்களை இடித்தார்கள். அதன் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு எல்லைக்காவல் என்றால் என்ன என்றே தெரியாது.

பிரிட்டன் யூனியனை விட்டு, அதன் சுங்க ஏற்பாட்டையும் விட்டு வெளியே வந்தால், அந்த எல்லையில் சரக்கைச் சோதிக்க வேண்டும். சோதனைச்சாவடி வந்தால் பழைய புண் திறக்கும். எங்கே சோதிப்பது?

ஓட்டுச் சீட்டிலே இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வட அயர்லாந்து மக்கள் நூற்றுக்கு 56 பேர் "இருக்க வேண்டும்" என்றுதான் சொன்னார்கள்.

கடைசியில் சோதனையைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். பிரிட்டனில் இருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கைத் துறைமுகத்தில் பார்ப்பது! ஒரே நாட்டுக்குள் ஒரு சோதனை. "எங்களை வேறு நாடாக்கிவிட்டீர்களே" என்று அங்கே ஒரு கட்சி கொதித்தது. 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை, இரண்டு ஆண்டுகள், வட அயர்லாந்தில் மந்திரிசபையே நடக்கவில்லை. 2023-ல் விதிகளைத் தளர்த்தினார்கள்.

யாருடைய ஓட்டு எதற்கு?

"விலகு" என்று சொன்ன 1 கோடியே 74 லட்சம் பேரும் ஒரே விஷயத்தைக் கேட்டார்களா? இல்லை. நார்வே போலச் சந்தையில் மட்டும் இருப்போம் என்றார் ஒருவர். நார்வே பணமும் கட்டுகிறது, வெளியாரையும் வேலைக்கு விடுகிறது! கனடா போல வெறும் வியாபார உடன்பாடு போதும் என்றார் இன்னொருவர். ஒன்றும் வேண்டாம், கதவைச் சாத்து என்றார் மூன்றாமவர். மூவருக்கும் ஓட்டுச் சீட்டில் ஒரே கட்டம்தான்.

அதனால்தான் பிரதம மந்திரி தெரசா மே கொண்டுவந்த உடன்பாடு 2019-ல் பார்லிமெண்டில் மூன்று முறை தோற்றது. முதல் முறை எதிராக 432 ஓட்டு, ஆதரவாக 202. விலக வேண்டும் என்று துடித்தவர்களே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

குடியேற்றத்தைப் பாருங்கள். அதைக் குறைக்கத்தான் பலர் ஓட்டுப் போட்டார்கள். ஐரோப்பியர் வருகை குறைந்தது உண்மை. வேலைக்கு ஆள் வேண்டுமே! நம் நாட்டில் இருந்தும் நைஜீரியாவில் இருந்தும் நர்சுகளும் மாணவர்களும் போனார்கள். போனவர்களைக் கழித்தும், 2023 மார்ச்சோடு முடிந்த 12 மாதத்தில் கூடியவர்கள் 9 லட்சத்துக்கு மேல். நம்மவர்களுக்கு அது நல்லதே. ஆனால் அந்த ஓட்டுக்காரர் கேட்டது இதுவா?

இதற்கு என்ன வழி? இரண்டு ஓட்டு என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விலக விருப்பமா என்று முதல் ஓட்டு. பேசி முடித்த பிறகு, "இதுதான் ஷரத்து, சம்மதமா?" என்று இரண்டாவது ஓட்டு. வீடு வாங்குகிறவர் அச்சாரம் கொடுத்த உடனேயா பத்திரம் பதிகிறார்? வில்லங்கம் பார்க்கிறார். பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். பிறகுதான் கையெழுத்து.

"மக்கள் சொல்லிவிட்டார்கள், மறுபடி கேட்பது அவமானம்" என்று வாதாடினார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஏனென்றால், இரண்டாவது ஓட்டைக் கேட்டவர்கள் தோற்ற பிறகு கேட்டார்கள். பந்தயத்தில் தோற்றவன் "இன்னொரு ஆட்டம்" என்று கேட்டால் யார் ஒப்புவார்கள்? ஆட்டம் தொடங்கும் முன்பே விதி எழுதியிருக்க வேண்டும்.

விலகவே முடியாதா என்றால், முடியும். கிரீன்லாந்து விலகியது. டென்மார்க்கோடு சேர்த்து 1973-ல் அதையும் கூட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். தீவு மக்களுக்கு விருப்பம் இல்லை. 1982-ல் ஓட்டெடுத்து, மூன்று ஆண்டு பேசி, 1985 பிப்ரவரி 1-ந் தேதி வெளியே வந்தார்கள். அவர்கள் கேட்டது மீன். அது கிடைத்தது. தங்கள் கடலில் மீன் பிடிக்க இடம் கொடுத்து, அதற்குப் பணமும் வாங்கினார்கள். அவர்கள் மீனுக்கு ஐரோப்பாவில் சுங்க வரியும் இல்லை. சுமார் 50 ஆயிரம் மக்கள் கொண்ட தீவு அது. ஆறரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள் உள்ள பிரிட்டனுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது இன்னது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது பிரிட்டனில், "திரும்பவும் சேர்ந்துவிடலாம்" என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களையும் இதே கேள்வி கேட்க வேண்டும். முன்பு பிரிட்டனுக்குத் தாட்சர் அம்மையார் 1984-ல் வாதாடி வாங்கிய தள்ளுபடி இருந்தது. யூரோ நாணயத்துக்கு மாறாமல் பவுண்டை வைத்துக்கொள்ளும் சலுகையும் இருந்தது. திரும்பப் போனால் இவை இரண்டும் கிடைக்குமா? கிடைக்காவிட்டாலும் சேர்வீர்களா? பவுண்டை விடச் சம்மதமா? ஓட்டுக் கேட்க வாசலுக்கு வருகிறவர் முதலில் இதைச் சொல்லட்டும்.