தெருவும் நாமும்: நடைபாதை யாருக்கு?

மாதுங்காவில் வாழும் நேயர் ஒருவர், நடைபாதைக் கற்கள் பெயர்ந்தும் எஞ்சிய இடத்தில் வண்டிகள் நின்றும் இருப்பதால், தம் முதிய தாயார் சாலையில் இறங்கி நடக்க நேரிடுகிறதென்று வருந்தி எழுதியுள்ளார்.

கற்களைச் செப்பனிடுவது மும்பை மாநகராட்சியின் கடமை. 1888ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தெருக்களை அதன் பொறுப்பில் விட்டிருக்கிறது. 1916 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிட்டு, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்க. அவ்வெண் இல்லாத முறையீடு காற்றில் கரைந்துவிடும். வண்டிகளை அகற்றக் கோருவது போக்குவரத்துப் போலீசாரிடம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவர்.

தெருவார் பலர் கையொப்பமிட்டால் மனு வலுப்பெறும். கையொப்பமிடுமுன், நம் வீட்டு வண்டி எங்கே நிற்கிறதென்றும் எட்டிப் பார்த்துவிடுவோம்.