கருத்துக்கணிப்பைப் பார்த்துக் கடன் தவணையைத் தள்ளிப் போடாதீர்கள்



2021 மார்ச் கடைசி வாரம். சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது. ராசிபுரம் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஒரு கருத்துக்கணிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து கேட்டார்.

"ஏனுங்க மேனேஜர் சார், பேங்குல வெச்ச நகைக்கு இந்த மாசம் வருசம் முடியுதுங்க. இப்பவே வட்டியக் கட்டித் திருப்பி வெக்கறதுங்களா, இல்ல எலக்சன் முடியட்டும்னு பொறுக்கறதுங்களா?"

நான் டிவியைப் பார்த்துக்கொண்டே, "சர்வே எல்லாம் ஒரே பக்கமாத்தான் சொல்லுது தம்பி, ஆட்சி மாறிடும் போலத்தான் இருக்குது" என்றேன். அவர் கேட்டது கடனைப் பற்றி. நான் சொன்னது தேர்தலைப் பற்றி. ஆனால் அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சர்வே சொன்ன மாதிரியே ஆட்சி மாறியது. நகைக்கடன் தள்ளுபடியும் வந்தது. ஆனால் அது கூட்டுறவு நிறுவனங்களில் வைத்த நகைக்கு மட்டும். 2021 மார்ச் 31 அன்று இருந்த கடன், குடும்பத்துக்கு 5 பவுனுக்கு உட்பட்டது என்று வரிசையாக நிபந்தனைகள். மாநிலம் முழுக்க 48 லட்சத்துக்கும் மேலான நகைக்கடன்களைச் சரிபார்த்து, கடைசியில் தகுதி என்று சொன்னது 13 லட்சம் சொச்சம். நம்ம தம்பி நகையை வைத்திருந்தது வணிக வங்கியில். "அடுத்து இவங்களுக்கும் வருமாம்" என்று யாரோ சொன்னதை நம்பி மேலும் சில மாதம் பொறுத்தார். ஏல நோட்டீஸ்தான் வந்தது. நகையை மீட்க ரெண்டு நாட்டுமாட்டை விற்றார். மாடு போனதும் சாணியும் போச்சு, கோமியமும் போச்சு. இயற்கை விவசாயத்துக்கு வந்து மூணு வருசம் மண்ணைத் தேற்றிய மனுசன், அடுத்த பட்டத்துக்கு மூட்டை உரம் வாங்கினார்.

முப்பது வருசத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். தேர்தல் நெருங்கினால் விவசாயக் கடன் வசூல் படுத்துவிடும் என்பது எல்லாக் கிளைக்கும் தெரிந்த கதை. அது தெரிந்தும் அன்றைக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் விட்டேன். அந்தக் கடனுக்குத்தான் இந்தக் கட்டுரை. அடுத்தடுத்துத் தேர்தல்கள் வரும். கணிப்புகளும் வரிசை கட்டி வரும். அதைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்.

மரவள்ளிக் கிழங்கு போடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். லோடு சேகோ பேக்டரிக்குப் போனால் முழு லோடையும் சோதிப்பதில்லை. ஒரு கூடைக் கிழங்கை எடுத்துப் பாயின்ட் பார்ப்பார்கள். அந்தப் பாயின்ட்தான் முழு லோடுக்கும் விலை. அதே லோடில் ரெண்டாவது கூடை எடுத்தால் 27 வந்த இடத்தில் 28 வரும், 26ம் வரும். கிழங்கு மாறவில்லை, கூடைதான் மாறிச்சு.

கருத்துக்கணிப்பும் அப்படித்தான். ஆயிரம் பேரைச் சரியாகப் பொறுக்கிக் கேட்டாலும், ஒரு கட்சிக்கு வரும் சதவீதத்தில் 3 கூடலாம், 3 குறையலாம். ரெண்டு கட்சிக்கு நடுவில் உள்ள இடைவெளியில் அந்தத் தடுமாற்றம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. போன வாரம் 41, இந்த வாரம் 39 என்றதும் டிவியில் "சரிவு" என்று சிவப்பு எழுத்தில் போடுவார்கள். அது சரிவாகவும் இருக்கலாம், வேறு கூடையாகவும் இருக்கலாம். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி கேள்வி, மூணு தடவை தொடர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தால்தான் ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை ஒரு நிறுவனம் சொன்னதையும் வியாழக்கிழமை வேறொரு நிறுவனம் சொன்னதையும் கோடு போட்டுச் சேர்ப்பது, ரெண்டு பேக்டரியின் தராசை ஒப்பிடுகிற மாதிரி.

நகர்வு நிஜமாகவே இருந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேணும். மூணு மாசத்துக்கு முன்னால் கேட்கும்போது கூட்டணியும் முடிவாகியிருக்காது, வேட்பாளரும் தெரியாது. "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கடைசி வாரங்களில் அவர்கள் ஒரு பக்கம் சாய ஆரம்பிக்கிறார்கள். அதனால்தான் எண் குதிக்கிறது. யாரும் கட்சி மாறாமலேயே அது நடக்கும். ஆகவே முடிவு பண்ணாதவர்கள் எத்தனை சதவீதம் என்று முதலில் தேடுங்கள். அதைச் சொல்லாத கணிப்பு பாதிக் கணிப்பு.

2021ஐயே எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஏபிபி - சிவோட்டர் கணிப்பு திமுக கூட்டணிக்குச் சுமார் 160 இடம் என்றது. மார்ச் கடைசியில் டைம்ஸ் நவ் - சிவோட்டர் கணிப்பு 177 என்றது. வாக்குப்பதிவு எல்லாம் முடிந்த பிறகு வந்த ஆக்சிஸ் மை இந்தியா கணிப்பு 175 முதல் 195 வரை என்றது. டீக்கடையில் எல்லாரும் "அலை அடிக்குது" என்றார்கள். மே 2ஆம் தேதி வந்த எண்ணிக்கை 159. மூணு மாசத்துக்கு முந்தின கணிப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது, கடைசி வாரக் கணிப்புக்குப் பக்கத்தில் இல்லை.

அப்போ ஜனவரிக் கணிப்பு சரி என்று அர்த்தமா? அதுவும் இல்லை. அதில் அதிமுக கூட்டணிக்கு 30 சதவீதத்துக்கும் கீழேதான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். வந்தது கிட்டத்தட்ட 40. கணக்கு தப்பு, விடை மட்டும் பக்கத்தில் வந்துவிட்டது. பரீட்சையில் பையன் அப்படி எழுதினால் வாத்தியார் மார்க் போட மாட்டார்.

நம்ம மாவட்டங்களைப் பாருங்கள். மாநிலம் முழுக்க ஆட்சி மாறிய அதே நாளில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்குப் போனது. நாமக்கல் மாவட்டத்தில் 6க்கு 4 திமுக கூட்டணிக்கு. வீரபாண்டியும் ராசிபுரமும் அக்கம்பக்கத் தொகுதி. அதே வெயில், அதே மரவள்ளி, அதே கடன். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ராசிபுரத்தில் வித்தியாசம் சுமார் 2,000 ஓட்டு. மாநிலத்துக்கு 4,000 பேரைக் கேட்ட கணிப்பு என்றால், 234 தொகுதிக்குப் பிரித்தால் ஒரு தொகுதிக்கு 17 பேர். பதினேழு பேரை வைத்து ராசிபுரத்தை யார் சொல்ல முடியும்?

ஓட்டு சதவீதம் வேறு, இடம் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. 2016 மே மாதம் வாக்குப்பதிவு முடிந்த அன்று மாலை வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை திமுக கூட்டணி என்றன. மே 19ஆம் தேதி எண்ணியபோது 232 தொகுதிகளில் அதிமுக 134, திமுக கூட்டணி 98. ரெண்டு அணிக்கும் நடுவில் ஓட்டு வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான். ஆயிரம் பேரைக் கேட்டு 3 சதவீதம் தடுமாறுகிற கருவி ஒரு சதவீதத்தை எப்படிப் பிடிக்கும்? அரைக்கிலோ முள் தெரியாத தராசில் பவுன் நிறுத்த கதைதான்.

படித்தவர்கள், பணம் உள்ளவர்கள் மட்டும் ஏமாறாமல் இருந்தார்களா? 2024 ஜூன் 1ஆம் தேதி மாலை வந்த கணிப்புகள் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. அதை நம்பி 3ஆம் தேதி பங்குச் சந்தை 2,500 புள்ளி ஏறியது. 4ஆம் தேதி கூட்டணிக்கு 293 என்றதும் ஒரே நாளில் 4,000 புள்ளிக்கு மேல் விழுந்தது. அவர்களுக்கு விழுந்தால் அடுத்த மாசம் ஏறும். நமக்கு விற்ற மாடு திரும்பி வராது.

கணிப்பு எடுக்கிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலில் அலைந்து நேர்மையாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எண் போடுகிறவர்களும் இருக்கலாம். எத்தனை பேரைக் கேட்டீர்கள், எந்தத் தேதியில், எந்த மண்டலத்தில், நேரிலா போனிலா, செலவு யாருடையது? இதற்குப் பதில் இருக்கிற கணிப்பைப் படியுங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தின 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பைக் காட்டக்கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அந்த நேரம் பார்த்து "உளவுத்துறை ரிப்போர்ட்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை யாருக்கும் தள்ளிவிடாமல் அழித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கணிப்பு சொல்வது ஒன்றே ஒன்று: இன்றைக்குத் தேர்தல் வைத்தால் யார் முன்னால் இருப்பார்கள் என்பது. அதற்கும் உங்கள் பீரோவில் இருக்கும் அடகுச் சீட்டுக்கும் நடுவில் ஓட்டு எண்ணிக்கை இருக்கிறது, ஆட்சி அமைப்பது இருக்கிறது, அரசாணை இருக்கிறது, அதில் நிபந்தனை இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது. இதில் எதையும் கணிப்பு சொல்லாது.

ஆகவே தவணையை நாளில் கட்டுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை நாளில் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு கடனை நாளில் கட்டினால் 7 சதவீத வட்டி 4 ஆகிறது. லட்சம் ரூபாய்க்கு வருசம் 3,000 ரூபாய் கையில் நிற்கும். தள்ளுபடி வந்தால் வரட்டும். ஒழுங்காகக் கட்டியவனுக்கு ஒன்றும் இல்லையா என்ற ஆத்திரம் எனக்கும் உண்டு. அதை நம் இயக்கம் கோரிக்கையாகவே வைக்க வேணும். ஆனால் அந்த ஆத்திரத்தில் நம் கணக்கை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. கடைசி வாரங்களில் நம் சங்கத்துக்காரர்களே "ஜெயிக்கப் போறவங்ககிட்ட மட்டும் மனு குடுப்போம்" என்று ஓடுகிறோம். 2,000 ஓட்டில் முடிவாகிற தொகுதியில் ஜெயிக்கப் போகிறவர் யார் என்று அந்த வேட்பாளருக்கே தெரியாது. ரெண்டு பேரையும் தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மரவள்ளிக்கு நியாயமான விலை, பாயின்ட் பார்ப்பதில் நேர்மை, இயற்கை விளைபொருளுக்கு உழவர் சந்தையில் தனிக் கடை என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். ஜெயிப்பது உறுதி என்று நாமே சொல்லிவிட்டால் அப்புறம் அவர் எதற்கு நம்மிடம் வருவார்?

நம்ம தம்பி போன தை மாசம் ஒரு கிடாரிக் கன்று வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை டீக்கடையில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் கேட்கப் போகிறேன்: "நகைக்கு எந்தத் தேதி தம்பி?"