மெட்டுக்கு உரியவர் யார்?

கல்லூரி விழாக்களில் மாணவர் கிற்றார் ஏந்தி மேனாட்டு மெட்டுக்களை வாசிக்குங்கால், "இது வெறும் பிரதி, இதிற் கலை எங்கே?" என முகஞ்சுளிப்போர் நம்மிடையே உளர். அக்கூற்று ஆராயற்பாலது.

கோயில் திருவிழாவில் நாதசுர வித்துவான் தியாகராசர் கீர்த்தனையை வாசிக்கின்றார். அங்கே சொற்கள் இல்லை. வாசிப்பும் ஆளுக்காள் வேறுபடும். அதனை எவரும் பிரதி என்பதில்லை. கீர்த்தனை இன்னாருடையது, கற்பனை இன்னாருடையது எனப் பகுத்தறிந்து இருவரையும் போற்றுகின்றோம்.

கிற்றார்க் குழுக்களின் இசையும் இவ்வாறே வளர்ந்தது. 'அப்பாச்சி' என்னும் மெட்டை இயற்றியவர் ஜெரி லோர்டன் என்ற ஆங்கிலேயர். அதனை முதலில் ஒலிப்பதிவு செய்தவர் பேர்ட் வீடன். ஆயினும் 1960 இல் இங்கிலாந்தில் 5 வாரம் முதலிடம் பெற்றது 'ஷடோஸ்' குழுவினரின் வாசிப்பே. மறு ஆண்டில் தென்மார்க்கு நாட்டவரான யோர்கன் இங்மனின் வாசிப்பு அமெரிக்காவில் இரண்டாம் இடத்தை எய்தியது. லோர்டனின் மற்றொரு மெட்டான 'வொண்டர்புல் லாண்ட்' என்பதை ஷடோஸ் குழுவினர் வாசித்தபோது, நோரி பராமோர் அதனோடு வயலின்களையும் கொம்புகளையும் இணைத்தார். கிற்றாரின் குரல் அமிழவில்லை. 1962 இல் அது 8 வாரம் முதலிடத்தில் நின்றது. இத்தனை கைமாறியும் இயற்றியவர் பெயர் இசைத்தட்டில் நிலைத்தது.

நம் கரையின் மெட்டுக்களுக்கு இப்பேறு உண்டா? புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் ஆபிரிக்க வமிசத்தவர் சிரட்டை தட்டி மஞ்சா பாடுகின்றனர். உடப்பில் கரைவலை இழுப்போரிடை வளர்ந்தது அம்பாப் பாட்டு. இவற்றைக் கிற்றாரிலோ பல்லியத்திலோ அமைக்க இளைஞர் விரும்பின் வரவேற்போம். ஆனால் இவற்றை இயற்றியவர் பெயர் ஏட்டில் இல்லை. 'நாட்டார் மெட்டு' என்ற இரு சொற்களுக்குள் ஓர் ஊரையே மறைத்துவிடுதல் எளிது.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். யூபிலி இசைநிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு மெட்டுக்கும் இயற்றியவர் பெயரை அச்சிடுக. பெயரறியா மெட்டாயின் ஊரின் பெயரை அச்சிடுக. அவ்வூரவரிடம் முன்னரே இசைவு பெற்று, அவர்களை முன்வரிசையில் இருத்துக. மாற்றி வாசித்தல் குற்றமன்று. மறைத்து வாசித்தலே குற்றம்.