கடைக்காரர் முதலில் அளந்தது கையை

காலை நிகழ்ச்சியில் நேயர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எந்த பிராண்ட் நல்லது?" என்பதுதான். கைப்பேசியோ காரோ, பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். கடந்த ஆகஸ்ட்டில் நானே அந்தக் கேள்வியைக் கேட்டேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வில் விற்கும் ஒரு கடையில்!

என் பெரியம்மா மகன் கிள்ளானில் வளர்ந்தவர், இப்போது அங்கே பொறியாளர். வேலையிடத்து நண்பர்களோடு பழகி, மான் வேட்டையிலும் இறங்கிவிட்டார். கேட்டதும் முகம் சுளித்தேன். "கடையில வாங்குற ஆட்டுக்கறி மட்டும் மரத்துலயா காய்க்குது?" என்று சிரித்தார் அண்ணன். அங்கே நினைத்தபடி வேட்டைக்குப் போய்விட முடியாது. 1973இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறினால்தான் உரிமம். வில்லுக்கான பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கும். வேட்டை வில்லின் மீது 11 விழுக்காடு கூட்டரசு வரி உண்டு. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது.

ஆனால், அண்ணன் புது வில் தேடியதற்குக் காரணம் வேறு. அதற்கு முந்தைய ஆண்டு, வேலையிடத்து நண்பர் ஒருவரிடமிருந்து பேர்போன பிராண்ட் வில் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தார். அக்டோபரில் ஒரு மான் வந்தது. முப்பத்தைந்து கஜ தூரம். அம்பு நெஞ்சில் படாமல் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. டார்ச் லைட்டோடு நள்ளிரவு வரை இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஓரிடத்தில் தடம் அறுந்துவிட்டது. மறுநாள் தேடியும் கிடைக்கவில்லை.

"கறி போனா போகட்டும்மா. அது எங்க, எத்தனை நேரம் துடிச்சு செத்துச்சுன்னு தெரியல. அதான் தூங்க விடல," என்றார்.

அவரோடு கடைக்குப் போனேன். சுவர் முழுக்க காம்பவுண்ட் வில்கள். நம் காலண்டர் படத்தில் இராமர் ஏந்தியிருக்கும் வில் போல இருக்காது. இரு முனைகளிலும் கேம் எனப்படும் சக்கரங்கள் உண்டு. மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் இதற்குக் காப்புரிமை கேட்டு, 1969இல் பெற்றார். நாணை இழுக்கும்போது முதலில் முழுப் பாரமும் தெரியும். கடைசியில் சக்கரம் சுழன்று பாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். 70 பவுண்டு வில்லில் 80 விழுக்காடு குறைந்தால், குறிபார்க்கும் நேரத்தில் கையில் நிற்பது 14 பவுண்டு மட்டும்தான்.

விஸ்கான்சினிலேயே ஸ்பார்டா என்ற ஊரில் தயாராகும் மேத்யூஸ், 1931இல் தொடங்கிய ஹோய்ட், ஃபிரெட் பியர் தொடங்கிய பியர், அரிசோனாவின் பி.எஸ்.இ. எல்லாம் வரிசையாகத் தொங்கின. அண்ணனின் கண் ஓர் அட்டையில் நின்றது: நொடிக்கு 340 அடி வேகம்.

நான் கேட்டேன், "இதில் எது நல்ல பிராண்ட்?"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. அண்ணனை இரு கைகளையும் விரித்து நிற்கச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்தார். 66 அங்குலம். அதை 2.5ஆல் வகுத்தார். சுமார் 26½ அங்குலம் வந்தது. அண்ணன் நாணை இழுக்க வேண்டிய நீளம் அவ்வளவுதான். பழைய வில்லோ 29 அங்குலத்துக்கு அமைக்கப்பட்டது! உயரமான நண்பரின் உடம்புக்குப் பொருந்திய வில் அது. அதை அண்ணன் எட்டி எட்டி இழுத்திருக்கிறார். தோள் நிலைகொள்ளவில்லை, குறி ஆடியிருக்கிறது.

அடுத்து ஒரு நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காமல், நேராக நீட்டி மெதுவாக இழுக்க வேண்டும். 70 பவுண்டில் அண்ணனால் முடியவில்லை. 60இல் கை நடுங்கியது. 55இல் சுலபமாக வந்தது. அண்ணனுக்குக் கொஞ்சம் வெட்கம். மான் வேட்டைக்கு அது தாராளம் என்றார் கடைக்காரர்.

அந்த 340 அடி? 70 பவுண்டு வில்லை 30 அங்குலம் இழுத்து, சுமார் 23 கிராம் எடையுள்ள லேசான அம்பை விட்டு எடுக்கும் கணக்கு அது. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் ஏறக்குறைய பத்து அடி குறையும். அண்ணன் கையில் அந்த வேகம் வரவே வராது. வந்தாலும் என்ன? இருபது கஜத்தில் 340க்கும் 320க்கும் உள்ள வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. ஒலியோ நொடிக்கு சுமார் 1,100 அடி போகும். நாண் அதிரும் சத்தம் எந்த பிராண்ட் அம்புக்கும் முன்னால் மானின் காதுக்குப் போய்விடும். சத்தம் கேட்ட மான் சட்டென்று உடம்பைத் தாழ்த்தும். அதனால் வேகத்தைவிட, சத்தம் குறைந்த வில்லும் கிட்டத்தில் நின்று எய்வதும்தான் முக்கியம்.

அப்படியானால் பிராண்டுகளுக்குள் வித்தியாசமே இல்லையா? உண்டு. ஹோய்ட்டின் கார்பன் வில் நவம்பர் குளிரில் அலுமினியம் போலக் கையைச் சில்லிட வைக்காது. பியரின் குரூசர் ஜி2 போன்றவற்றை 5 முதல் 70 பவுண்டு வரை மாற்றி அமைக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு ஏற்றது. பெரிய பிராண்டுகளின் உயர்ரக வில் வெறுமனே ஆயிரம் டாலரைத் தாண்டும். குறிபார்க்கும் கருவி, அம்பு எல்லாம் தனிச் செலவு. ஆனால் இவையெல்லாம் கை அளவும் பவுண்டும் சரியான பிறகு பார்க்க வேண்டியவை.

கடைசிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று வில்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, "கண்ணை மூடி இழுங்கள், நிலையானதும் திறங்கள்" என்றார். கண் திறந்தவுடன் நாணில் உள்ள சிறு துளை நேராகக் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். தலையைச் சாய்த்துத் தேடினால் அது உங்கள் வில் இல்லை. அண்ணனுக்குப் பொருந்தியது, அவர் நினைத்தே பார்க்காத நடுத்தர விலை வில். பிராண்ட் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறேன். உங்கள் கை 66 அங்குலமாக இருக்க வேண்டும் என்று இல்லையே!

நவம்பரில் அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண் மான் முப்பத்தைந்து கஜத்தில் வந்து நின்றதாம். அவர் பயிற்சியில் தவறாமல் அடிப்பது இருபத்தைந்து வரைதான். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அது கிட்டே வரவில்லை, போய்விட்டது.

"வெறுங்கையோட வந்தேன்மா," என்றார். "ஆனா அன்னைக்கு நல்லா தூங்கினேன்."